காதுக்குள் ஒரு பச்சைப்பயறு

போன நவராத்திரிக்குச் சுண்டல் செய்யப் பயறு புடைச்சிட்டு இருந்தாங்க. என் சித்தப்பா பையன் (நாலு வயசு, மகா வாலு) அதுல ஒண்ணை எடுத்துக் காதுக்குள்ள போட்டுக்கிட்டான். ஏன்டா போட்டேன்னு கேட்டா "சும்மா"ங்கிறான். நியாயமான பதில்தான் :)

அடுத்த அரை மணி நேரத்துல வீட்டுல அத்தனை பேரும் டாக்டர் ஆயிட்டாங்க. பெரியப்பா செல்போன் வெளிச்சத்துல கொண்டை ஊசியால நெம்பினார். அதுவரைக்கும் கண்ணுக்குத் தெரிஞ்ச பயறு காணாமப் போச்சு. அத்தை, "தண்ணி ஊத்துனா மிதந்து வந்துரும்"னு ஊத்தினாங்க. சுண்டலுக்குப் பயறை ஏன் ராத்திரியே ஊறப் போடுறோம்னு அத்தைக்குத் தெரியாதா என்ன? அந்த நேரத்துல யாருக்கும் தோணல. பக்கத்துல நின்ன எனக்கும்தான். காலையில பையன் வலியில அலறுறான். பயறு உள்ளேயே ஊறிப் பெருத்து மாட்டிக்கிச்சு.

காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போனா, பையன் காதைத் தொடவே விடல. கடைசியில தியேட்டருக்குக் கொண்டு போய், மயக்க மருந்து கொடுத்துதான் எடுத்தாங்க. "யாரும் கை வைக்காம நேத்தே கூட்டிட்டு வந்திருந்தா, இந்த நாற்காலியிலயே எடுத்திருக்கலாம்"னார் டாக்டர். வெறும் ஓ.பி. சீட்டோட முடிய வேண்டிய செலவு எங்க போய் நின்னுச்சுன்னு சித்தப்பாவைத்தான் கேக்கணும்.

அதனால என் கட்சி இதுதான். காதுல ஏதாவது போயிட்டா வீட்டுல ஒரே ஒரு தடவைகூட முயற்சி பண்ணக் கூடாது. காதுத் துவாரம் நேரான குழாய் இல்லை. பெரியவங்களுக்கே சுமார் 2.5 செ.மீ. நீளம்தான், அதுலயும் ஒரு வளைவு. குருத்தெலும்பு முடிஞ்சு எலும்பு ஆரம்பிக்கிற இடத்துக்குப் பக்கத்துல குறுகலா இருக்கும். அந்தக் குறுகலைத் தாண்டித் தள்ளிட்டா எடுக்கிறது கஷ்டம், ஏன்னா அங்க தோல் ரொம்ப மெலிசு, லேசா பட்டாலே உயிர் போற வலி. அதுக்கு அந்தப் பக்கம் செவிப்பறை. உருண்டையா வழவழன்னு இருக்கிறதை இடுக்கியால பிடிச்சா வழுக்கி இன்னும் உள்ளதான் போகும். டாக்டர் சின்னக் கொக்கியைப் பின்னாடி விட்டு முன்னாடி இழுக்கிறார், இல்லைன்னா உறிஞ்சு குழாய் வைக்கிறார்.

காமர்ஸ்ல சங்க் காஸ்ட்னு ஒண்ணு படிக்கிறோமே, போன காசு போனதுதான், அதை நினைச்சு மேல மேல போடக் கூடாதுன்னு. பெரியப்பா மூணாவது தடவை ஊசியை எடுத்தப்போ எனக்கு அந்தப் பாடம்தான் ஞாபகம் வந்துச்சு. வாயைத் திறக்கத்தான் தைரியம் வரல.

பாட்டி கட்சிக்கும் ஒரு இடம் விட்டுடறேன். உயிரோட பூச்சி போயிட்டா, வெதுவெதுப்பா கொஞ்சம் எண்ணெய் விட்டு அதைச் சாகடிக்கிறது சரியான வழிதான். ஆனா காதுல சீழ் வடியறவங்களுக்கும் செவிப்பறையில ஓட்டை இருக்கிறவங்களுக்கும் அதுவும் கூடாது. செத்த பூச்சியை எடுக்க டாக்டர்கிட்டதான் போகணும்.

பொம்மையில இருக்கிற பட்டன் பேட்டரின்னா மட்டும் விடியட்டும்னு இருந்துடாதீங்க. அது ஈரத்துல பட்டு, சில மணி நேரத்துலயே உள்ள இருக்கிற சதையை அரிச்சிடும். எண்ணெய், தண்ணி, சொட்டு மருந்து எதுவும் விடாம ராத்திரியே ஓடணும்.

இன்னொண்ணு, அடிக்காதீங்க. எங்க பையன் சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னதாலதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. அன்னைக்கு முதுகுல ரெண்டு வாங்கினான். அடுத்த தடவை வந்து சொல்லுவானா?

போன வாரம் ஊருக்குப் போனா, பெரியப்பா திண்ணையில உக்காந்து வண்டிச் சாவியால காது குடைஞ்சிட்டு இருக்கார். "பெரியப்பா, டாக்டர் திட்டுவாரு"ங்கிறான் பொடியன். அவர் மறு காதுக்கு மாத்திக்கிட்டார்.