கண் விழித்தால் மோட்சமா?



மார்கழியில் வைகுண்ட ஏகாதசி, மாசியில் சிவராத்திரி என்பதாக வருஷத்தில் இரண்டு இரவுகள் பாமர மக்களைத் தூங்கவிடாமல் அடிப்பதற்கென்றே ஏற்பட்டிருக்கின்றன. வெள்ளக்கடை முதலான மலையூர்களிலிருந்து, பகலெல்லாம் காப்பித் தோட்டத்தில் பாடுபட்ட ஜனங்கள், சொர்க்கவாசல் பார்க்கச் சேலம் கோட்டை அழகிரிநாதர் கோவிலுக்கு இறங்குகிறார்கள். பகல் பட்டினி, இரவு கண்விழிப்பு. மறுநாள் துவாதசியன்று பகலிலும் தூங்கக்கூடாதாம்! கடன்பட்ட தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடத் தடை விதித்த புத்திசாலி யாரோ தெரியவில்லை.

இதற்கு ஆதாரம் என்ன? புலிக்குப் பயந்து வில்வ மரத்தில் ஏறிய வேடன் ஒருவன், தூங்கி விழாமலிருக்க இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டானாம்; அது கீழிருந்த லிங்கத்தின் மேல் விழ, அவனுக்கு மோட்சம் கிடைத்ததாம். அப்படியானால் காட்டெருமைக்குப் பயந்து பரண்மேல் இராமுழுதும் காவல் இருக்கிற நமது மலைவாசிக்கு எத்தனை மோட்சம் பாக்கி நிற்கிறது என்று கேட்கிறோம். மேலும், பாற்கடலில் பாம்பை மெத்தையாக்கி நித்திரை செய்கிற சாமி, பக்தன் மட்டும் கண்ணயரக்கூடாது என்பது என்ன நியாயம்?

இனி உண்மையைப் பார்ப்போம். பகலில் நாம் புதிதாகக் கண்டதையும் கேட்டதையும் மூளையின் உட்பக்கத்திலுள்ள ஹிப்போகாம்பஸ் என்னும் சிறு பாகம் முதலில் வாங்கி வைக்கிறது. ஆழ்ந்து தூங்கும்போதுதான் அது அவற்றைத் திரும்ப ஓட்டிப் பார்த்து, மேல்மூளையில் நிலைக்கச் செய்கிறது. 1924-லேயே அமெரிக்காவில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்வித்து, தூங்கி எழுந்தவன் விழித்திருந்தவனைவிட அதிகம் ஞாபகம் வைத்திருக்கிறான் என்று காட்டிவிட்டார்கள். 2007-ல் ஓர் இரவு தூங்காதவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில், புதியதை வாங்கும் வேலையே மந்தப்பட்டுப் போனது தெரிந்தது. அதாவது, விழித்தவனுக்கு நேற்றுப் படித்தது நிலைப்பதும் குறைவு. இன்று படிப்பது ஏறுவதும் குறைவு.

கான்டி கார்டனர் அல்ல, ராண்டி கார்டனர் என்ற 17 வயதுப் பையன் 1964 ஜனவரியில் 264 மணி நேர விழிப்பை முடித்தான். நூறிலிருந்து ஏழு ஏழாய்க் கழிக்கச் சொன்னார்கள். 65 வரை வந்து நின்றுவிட்டான். ஏன் என்று கேட்டால், என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே மறந்துபோயிற்று என்றான். பதினோரு நாள் விழித்தவனுக்கு எந்தக் கடவுளும் காட்சி தந்ததாகத் தகவலில்லை. இல்லாததெல்லாம் தோன்றியதாக மாத்திரம் தகவல் உண்டு!

"ஓர் இரவுதானே, காப்பி குடித்துச் சமாளிக்கலாம்" என்பார்கள். காப்பி, களைப்பை மூளை உணராமல் மறைக்குமே தவிர, களைப்பைப் போக்காது. மாசிக்குப் பின் பங்குனியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. சிவராத்திரி வேண்டாமென்கிற நமது தோழர்களில் சிலரே, பரீட்சைக்கு முந்தின இரவு பிள்ளையை விடியும்வரை உட்கார்த்தி வைத்துப் படிக்கச் சொல்லுகிறார்கள். சாமிக்குப் பதில் சர்க்கார் பரீட்சை, மூடத்தனம் ஒன்றே.

எல்லாவற்றிலும் ஆபத்து மறுநாள் காலைப் பயணத்தில் இருக்கிறது. 17 மணி நேரம் விழித்தவனுடைய கையும் கண்ணும், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லி கிராம் சாராயம் ஏறியவனுக்குச் சமமாய்த் தடுமாறுகின்றன என்று ஆஸ்திரேலியாவில் 1997-ல் சோதித்துச் சொன்னார்கள். நம் தேசத்து 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டமோ 30-க்கு மேல் போனாலே குற்றம் என்கிறது. குடித்தவனைப் பிடிக்கிறார்கள், விரதக்காரனுக்கு வழிவிட்டுக் கும்பிடுகிறார்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். இராமுழுதும் விழித்துப் புண்ணியம் சம்பாதித்த டிரைவர் வண்டியை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்விழிப்பின் மகிமையைப் பிரசங்கம் செய்த பண்டிதர் தம் பெண்டு பிள்ளைகளோடு அந்த வண்டியில் ஏறுவாரா?