பிரேக்குக்கு இரண்டாம் மனிதர் வேண்டும்

தன் வீட்டுக் கொட்டகையில் தன் கையாலேயே ஒரு மோட்டார் காரைப் பூட்டி, அதற்கு நம்பர் வாங்கி, பொதுச் சாலையில் குடும்பத்தோடு பிரயாணம் செய்யலாம் என்று ஒரு தேசத்தின் சட்டமே இடம் கொடுக்கிறது என்றால் நம்மவர்க்கு அது விந்தையாகத்தான் இருக்கும். ஆனால் இங்கிலாந்தில் இது தலைமுறைகளாக நடந்துவரும் சாதாரண விஷயம். 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் என்ற சின்னஞ்சிறு காரை உதிரிபாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டவர்கள் பலர். முழுக் காருக்கு விதித்த கொள்முதல் வரி உதிரிபாகங்களுக்கு இல்லாதிருந்ததே அதற்குக் காரணம். பூட்டும் முறையை அச்சிட்டுக் கொடுத்தால் சலுகை போய்விடுமாகையால், கழற்றும் முறையை அச்சிட்டுக் கொடுத்து, அதைத் தலைகீழாகச் செய்துகொள்ளும்படி விட்டுவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. அந்த யுக்தியை மெச்சாமல் இருக்க முடியவில்லை. 1973-இல் அந்த வரி மறைந்தது; வீட்டில் கார் பூட்டும் மோகம் மட்டும் மறையவில்லை.

அந்த மோகத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. எஞ்சினைத் தவறாகப் பூட்டினால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான்; பிரேக்கைத் தவறாகப் பூட்டினாலோ வண்டி கிளம்பிவிடும். ஆகவே பிரேக் ஒன்றில் மட்டும் பூட்டியவரின் சுதந்திரம் இன்னொருவர் கண்ணுக்குக் கட்டுப்பட்டே தீரவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இத்தகைய கார்களில் பெரும்பாலானவை ஃபோர்டு எஸ்கார்ட், சியெரா போன்ற பழைய கார்களின் உறுப்புகளைச் சுமந்து பிறப்பவை. ஏறக்குறைய ஒரு டன் கனமும், முன்புறம் மிகுந்த பாரமும் உள்ள வண்டிக்கென்று வகுத்த பிரேக்குகளை, அரை டன்னே எடையுள்ள, பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் ஓட்டுபவர் உட்காரும் வண்டியில் மாட்டும்போது, முன்னுக்கும் பின்னுக்கும் இருந்த பழைய பங்கீடு செல்லாக்காசாகிவிடுகிறது. பிரேக் பிடிக்கையில் பாரம் முன்னே சாய, இலேசாகிவிட்ட பின்சக்கரங்கள் முதலில் இறுகிப்போனால், வண்டி நேரே போகாமல் பம்பரமாய்ச் சுழலும். இதைத் தவிர்க்கவே, மிதியின் விசையை இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் திருகுத் தண்டு ஒன்றைப் பலர் பொருத்துகிறார்கள். அத்தண்டை ஓரிரு சுற்று இப்படியோ அப்படியோ திருப்பினால் வண்டியின் குணமே மாறிவிடும்.

இதைவிட அற்பமாய்த் தோன்றும் வேலைகளில்தான் அபாயம் ஒளிந்திருக்கிறது. இடப்பக்கத்து காலிப்பரை வலப்பக்கத்தில் மாட்டினாலும் பல வண்டிகளில் போல்ட்டுகள் பொருந்திவிடும், ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. ஆனால் ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்கவேண்டியது கீழே போய்விடும். ஒருவர் மிதியை அழுத்த, மற்றொருவர் சக்கரத்தருகே குனிந்து நிப்பிளைத் திறந்து மூடி, புட்டியில் அமிழ்ந்த குழாயில் குமிழி நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாலும், மேலே தங்கிய காற்று அசையாது. மிதி பஞ்சுபோலவே அமுங்கும். திரவம் அமுக்கத்துக்கு இடங்கொடாது, காற்று கொடுக்கும். பின்சக்கர டிரம்மிலோ, ஷூக்களைச் சரிசெய்யுமுன் கைபிரேக் கேபிளை இறுக்கிவிட்டால், ஷூக்கள் தம் இடத்துக்குத் திரும்பாமல் அரைகுறையாக நின்றுவிடும். ரப்பர் ஹோஸ், ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தாலன்றி டயரில் உரசுவது தெரியாது. பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சுவது: டாட் 4 வகை, புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும், ஈரம் ஏறியபின் 155 பாகையே அதற்கு விதித்த வரம்பு. அலமாரியில் திறந்து கிடந்த மிச்சப் புட்டியை ஊற்றுகிறவர் இதை அறியார். இவற்றுள் எதுவும் மூளைக்கு எட்டாத சாஸ்திரமன்று. ஆயினும், பல மாதம் ஒரே பொருளை உற்றுப் பார்த்த கண் அதில் குற்றம் காண்பது அபூர்வம்.

இங்கிலாந்தின் சர்க்கார் இதைப் புரிந்துகொண்டது. 1998-இல் தனி வாகனப் பரீட்சை ஒன்றை ஏற்படுத்தி, 2009-இல் அதை இன்னும் கடுமையாக்கியது. பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு முந்தி இறுகலாகாது என்பதும், மேற்சொன்ன திருகுத் தண்டு பிற்பாடு யாரும் திருப்ப இயலாதபடி நிலைநிறுத்தப்பட்டிருக்கவேண்டும் என்பதும் அங்கே விதிகள். வெளியே நீட்டிய விளிம்புகளின் வளைவைக்கூட மில்லிமீட்டர்க் கணக்கில் அளக்கிறார்களே என்று பூட்டுபவர்கள் முணுமுணுப்பதுண்டு. விளிம்பு விஷயத்தில் அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். பிரேக் விஷயத்தில் நான் பரீட்சகர் பக்கம்.

நம் நாட்டின் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதி, தயாரிப்பாளர்கள் தம் மாதிரி வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்கிறது. ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் ஆலைக்கு அது பொருந்தும், ஒரே ஒரு வண்டி பூட்டுகிறவருக்கு அது எட்டாக்கனி. திறமைக்கோ இங்கே பஞ்சமில்லை. பந்தயக் கார்களைக் கோயம்புத்தூரிலேயே உருவாக்கிய கரிவரதனின் பெயர் தாங்கிய ஓடுதளத்தில், ஃபார்முலா பாரத் போட்டிக்கு வரும் பொறியியல் மாணவர்கள், தாங்களே கட்டிய வண்டியின் நான்கு சக்கரங்களும் ஒருசேர இறுகி நிற்கக் காட்டினாலன்றி வண்டி ஓட்டும் போட்டிகளில் இறங்க முடியாது. அம்மாணவர்கள் தளத்துக்குள் கொடுக்கும் பரீட்சையைச் சாலைக்கென்றும் வகுத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு, தேறியவருக்கு நம்பரும் தேறாதவருக்கு எழுத்து மூலமாகக் காரணமும் கொடுக்கும் ஓர் ஏற்பாட்டை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் செய்யவேண்டும். அதன் முதல் பக்கத்தில் பிரேக் இருக்கட்டும்.