தசைச்சிதைவும் ஸ்டெம் செல் ஊசியும்

"உங்கள் பிள்ளையின் எலும்பு மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல்லை எடுத்து அவனுக்கே செலுத்துகிறோம். அது போய்ச் சிதைந்த தசையைச் சரிசெய்துவிடும். சொந்தச் செல் என்பதால் பக்கவிளைவே கிடையாது." டூஷென் தசைச்சிதைவு நோய் என்று அறிக்கை வந்த கொஞ்ச நாளிலேயே பெற்றோரின் கைபேசிக்கு இந்தப் பேச்சும் வந்து சேர்கிறது. கூடவே, தடுமாறி நடந்த சிறுவன் படியேறிக் காட்டும் காணொளி ஒன்று. நகையை விற்று, நிலத்தை அடகு வைத்து ஊசிக்குக் கிளம்பும் தாய் தகப்பனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குறை அந்தப் பேச்சில்தான். அதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த உண்மை. தசைக்குத் தன்னையே சரிசெய்துகொள்ளும் வல்லமை உண்டு. அதைச் செய்வது ஸ்டெம் செல்தான். 1961-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சாண்டர் மௌரோ தவளையின் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். தசை இழைக்கும் அதைச் சுற்றிய உறைக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருந்த சிறு செல்களைக் கண்டு, அவற்றுக்குச் சாட்டிலைட் செல் என்று பெயர் வைத்தார். தசை கிழிந்தால் இவை விழித்துக்கொண்டு பெருகி, ஒன்றோடொன்று இணைந்து புது இழையாகின்றன. எலிகளில் இந்தச் செல்களை மட்டும் அழித்துவிட்டுத் தசையைக் காயப்படுத்திய ஆய்வுகள் 2011-இல் வெளிவந்தன. அந்தத் தசை திரும்ப வளரவில்லை. கபடியில் பின்தொடைத் தசை கிழிந்த இளைஞன் சில வாரங்களில் மறுபடி ஓடுகிறான் என்றால், அவன் தசையிலேயே குடியிருக்கும் இந்தச் செல்கள் செய்த வேலை அது.

டூஷென் நோயாளியிடமும் இந்தச் செல்கள் இருக்கின்றன. அவை வேலையும் செய்கின்றன. அப்படியிருந்தும் தசை ஏன் அழிகிறது? சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் இந்த நோயில், எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதுபட்டிருக்கும். அதனால் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உருவாவதில்லை. தசை சுருங்கி விரியும்போது இழையின் சவ்வு கிழியாமல் காப்பது அந்தப் புரதம். அது இல்லாததால் நடந்தால் கிழிகிறது, படியேறினால் கிழிகிறது. சாட்டிலைட் செல்கள் புது இழையை உண்டாக்குகின்றன. அதிலும் டிஸ்ட்ரோஃபின் இல்லை, அதுவும் கிழிகிறது. வருடக்கணக்கில் இது நடந்து, கடைசியில் தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் நிறைந்துவிடுகின்றன.

இப்போது "சொந்தச் செல்" என்ற வாதத்துக்கு வருவோம். அந்தச் சிறுவனின் உடம்பில் உள்ள எல்லாச் செல்லிலும் அதே பழுதான மரபணுதான் இருக்கிறது. மஜ்ஜையில் எடுத்தாலும் கொழுப்பில் எடுத்தாலும் அதில் மாற்றமில்லை. மரபணுவைத் திருத்தாமல் அந்தச் செல்லையே திரும்பச் செலுத்தினால், அது தசையாகவே மாறினாலும் டிஸ்ட்ரோஃபினை உண்டாக்க முடியாது. பெரிய அனுகூலம் என்று அவர்கள் சொல்வதே இந்தச் சிகிச்சையின் அடிப்படைக் கோளாறு. விளம்பரங்களில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

அந்தச் செல் தசையாகத்தான் மாறுகிறதா? இதற்கு அரிதான ஒரு விடை கிடைத்திருக்கிறது. பிறவி எதிர்ப்புசக்திக் குறைபாட்டுக்காக ஒரு வயதில் தகப்பனின் மஜ்ஜையை ஏற்றுக்கொண்ட சிறுவன் ஒருவனுக்கு, டூஷென் நோயும் இருந்தது பிற்பாடுதான் தெரியவந்தது. மாற்றிப் 13 ஆண்டுகள் ஆனபின் அவன் தசையை எடுத்துச் சோதித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான மஜ்ஜை உடம்பில் அத்தனை காலம் இருந்தும், நூறு தசை இழைகளில் ஒன்றில்கூட அதன் பங்கு சேர்ந்திருக்கவில்லை. கணக்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே.

"வேலூரில் ஸ்டெம் செல்லால் தலசீமியாவைக் குணப்படுத்துகிறார்களே?" நியாயமான கேள்வி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. அதனால் பிழைத்தவர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். ஆனால் ரத்த ஸ்டெம் செல்லுக்கு மஜ்ஜைதான் வீடு. சிரையில் ஏற்றினால் தானே வழி தேடிப் போய்ச் சேரும், அங்கே பெருகும். முன்னதாக நோயுற்ற மஜ்ஜையை மருந்தால் காலி செய்து இடமும் ஒதுக்கிவிடலாம். தசையில் இவற்றுக்கெல்லாம் வழியில்லை. மஜ்ஜையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எடுக்கும் மீசன்கைமல் செல்களைச் சிரையில் ஏற்றினால் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கிறது. அந்தச் செல்களுக்கு 'ஸ்டெம் செல்' என்ற பெயரைப் பரப்பிய ஆர்னால்ட் கேப்ளனே, 2017-இல் அந்தப் பெயரைக் கைவிடச் சொல்லிக் கட்டுரை எழுதினார். அவை சுரக்கும் பொருட்கள்தான் வேலை செய்கின்றன, உறுப்பாக மாறுவதில்லை என்பது அவர் வாதம்.

சரி, ஆரோக்கியமான ஒருவரின் தசைச் செல்லையே எடுத்து ஊசியில் போட்டால்? இதை யாரும் முயலவில்லை என்று நினைக்க வேண்டாம். 1989-இல் டெரன்ஸ் பார்ட்ரிட்ஜ் குழுவினர் டிஸ்ட்ரோஃபின் இல்லாத எலிகளுக்கு அப்படிச் செலுத்தி, இழைகளில் அந்தப் புரதம் தோன்றுவதைக் காட்டினார்கள். உலகமே எதிர்பார்த்தது. அடுத்த சில ஆண்டுகளில் சிறுவர்களுக்குச் செய்து பார்த்தார்கள். ஜெர்ரி மெண்டெல் குழுவினர் 12 சிறுவர்களுக்கு, மாதம் ஒருமுறையாக ஆறு மாதம், ஒரு கையின் மேற்புயத் தசையில் செல்களைச் செலுத்தினார்கள். மறு கையில் செல் இல்லாத ஊசி. 1995-இல் வந்த முடிவில் இரண்டு கைகளின் பலத்திலும் வேறுபாடு இல்லை. செலுத்தியவற்றில் பெரும்பாலானவை சில நாட்களில் மடிகின்றன. பிழைத்தவையும் ஊசி இறங்கிய இடத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் நகர்வதில்லை. உடம்பில் 600-க்கும் மேற்பட்ட தசைகள் உண்டு. இந்தப் பிள்ளைகளின் உயிரைத் தீர்மானிக்கும் உதரவிதானத்தையும் இதயத்தையும் மில்லிமீட்டருக்கு ஒரு குத்தாக எப்படிக் குத்துவது?

ரத்தக்குழாய் வழியாகவே தசைக்குப் போகக்கூடிய வேறு வகைச் செல்லை இத்தாலியின் ஜூலியோ கொஸ்ஸு குழு கண்டறிந்தது. நாய்களில் நல்ல பலன். மிலானில் ஐந்து சிறுவர்களுக்குத் திசுப் பொருத்தமுள்ள உடன்பிறந்தாரின் செல்லைத் தமனியில் செலுத்தினார்கள். 2015-இல் வெளியான முடிவு: இயக்கத்தில் முன்னேற்றம் இல்லை; ஒரு சிறுவனுக்கு மூளையில் சிறு பக்கவாதம், நல்லவேளையாகப் பின்விளைவு இல்லாமல். தோல்வியை ஒளிக்காமல் அச்சில் போட்ட அந்த மருத்துவர்களை நான் மதிக்கிறேன்.

அப்படியானால் காணொளியில் பையன் படியேறுவது பொய்யா? பொய்யாக இருக்க வேண்டியதில்லை. டூஷென் பிள்ளைகள் பலர் ஆறேழு வயது வரை, நோய் இருக்கும்போதே, திறனில் கொஞ்சம் முன்னேறுகிறார்கள். வளர்ச்சி சிதைவை முந்தும் காலம் அது. ஐந்து வயதில் என்ன ஊசி போட்டாலும் ஆறு வயதில் முன்னேற்றம் தெரியலாம். அதோடு அந்த மையங்களில் தினமும் மணிக்கணக்கில் பிசியோதெரபி, சிலருக்கு ஸ்டீராய்டு. எது பலன் தந்தது என்று காணொளி சொல்லாது. சிபிகே அளவு குறைந்ததையும் ஆதாரமாகக் காட்டுவார்கள். தசை கிழிந்து ரத்தத்தில் கசியும் நொதி அது. பையன் ஓட்டத்தைக் குறைத்தாலே குறையும். கிழிவதற்குத் தசை மிஞ்சாதபோதும் குறையும்.

பக்கவிளைவு இல்லை என்பதைத்தான் நான் மிகக் கடுமையாக மறுக்கிறேன். மஜ்ஜை எடுக்க மயக்கம் கொடுக்கிறார்கள். டூஷென் பிள்ளைக்குச் சக்சினைல்கோலின் என்ற மருந்தும் மூச்சு வழி மயக்க வாயுக்களும் தசையை உடைத்து, பொட்டாசியத்தை ஏற்றி, இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். பிறகு முதுகுத் தண்டில் ஊசி. தசை நோய்க்குத் தண்டுவடத் திரவத்தில் செல்லைச் செலுத்துவதற்கு என்ன காரணம் என்று கேட்டால் நிறைவான பதில் கிடைக்காது, தொற்று ஏற்படும் அபாயம் மட்டும் உறுதியாக உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண் நோய்க்காகச் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த 'ஸ்டெம் செல்'லைக் கண்ணில் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையை இழந்தது 2017-இல் மருத்துவ இதழில் பதிவானது. அதுவும் சொந்தச் செல்தான்.

இந்தத் துறையே வீண் என்று நான் சொல்லவில்லை. விழுங்கும் தசைகளைப் பாதிக்கும் ஒரு வகைத் தசைச்சிதைவில், நோயாளியின் பாதிக்கப்படாத தசையிலிருந்து செல்லை வளர்த்துத் தொண்டைத் தசையில் செலுத்திய பாரிஸ் ஆய்வு 2014-இல் ஓரளவு நம்பிக்கை தந்தது. ஊசி எட்டக்கூடிய ஒரே ஒரு சிறு தசை என்பதால் அது சாத்தியமானது.

"போட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?" இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, அங்கீகரிக்கப்பட்ட ரத்த நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு, முறையான மருத்துவ ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுப்பது முறைகேடு. ஆய்வு என்று சொன்னால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். ஆய்வு மருந்துக்கு நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. நஷ்டம் பணத்தோடு நிற்பதும் இல்லை. இங்கிலாந்தின் நியூகாசில் மருத்துவர்கள் 2002-இல் தங்கள் நோயாளிகளின் கணக்கைப் பார்த்தார்கள்: 1960-களில் டூஷென் பிள்ளைகள் இறந்த சராசரி வயது 14.4, 1990-க்குப் பின் இரவுநேரச் சுவாசக் கருவி பெற்றவர்களுக்கு 25.3. பத்து ஆண்டுக்கும் மேலான இந்த வாழ்நாளில் கணிசமான பங்கு, முகமூடி வழியே காற்றைத் தள்ளும் ஒரு பெட்டியால் கிடைத்தது. உரிய வயதில் தொடங்கும் ஸ்டீராய்டு நடக்கும் காலத்தை நீட்டுகிறது. ஆண்டுதோறும் எடுக்கும் எக்கோ இதயம் தளர்வதை முன்கூட்டியே காட்டுகிறது. ஊசிக்குச் சேர்த்த பணத்தில் முதலில் தாய்க்கு மரபணுப் பரிசோதனை செய்யுங்கள். மூன்றில் இரண்டு தாய்மார் அந்தப் பழுதைச் சுமப்பவர்கள். தாய் சுமப்பவர் என்று தெரிந்தால் அவருடைய தங்கைகளையும் அழைத்துச் சொல்லுங்கள். அடுத்த கர்ப்பத்துக்கு முன் அவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.