சாயம் தெரிந்தது, மற்றது தெரியவில்லை

நொய்யல் ஆற்றைப் பற்றித் திருப்பூர்க்காரர் எவரிடம் பேச்சுக் கொடுத்தாலும், அவர் முதலில் சொல்வது நிறத்தைப் பற்றியதாகவே இருக்கும். பட்டறையில் அன்று எந்தச் சாயம் ஏறிற்றோ அதே சாயம் ஜம்மனை ஓடையிலும் ஓடிற்று என்பதும், பாசனத்திற்கென்று 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளுக்குள்ளாகவே சாயக்கழிவின் தேக்கமாக மாறி, தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே மன்றாடும்படியான விபரீதம் நேர்ந்தது என்பதும் சரித்திரமாகிவிட்ட விஷயங்கள். அந்த விவசாயிகள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று திரும்பி, 2011 ஜனவரி 28-ஆம் தேதி சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகுதான், ஒரு துளிக் கழிவுநீரும் வெளியேறாத முறையை ஏற்று அவை மீண்டும் இயங்கத் தொடங்கின. அந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால் அந்த நெடிய வழக்கில் பிரதானமாக வாதிக்கப்பட்டவை இரண்டு: ஒன்று நிறம், மற்றொன்று லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாத உப்பு. கண்ணை உறுத்தியதும் நாவில் கரித்ததும் நீதிமன்றம் ஏறின. இரண்டுக்கும் அகப்படாமல், அணுவளவில் சரீரத்தின் போக்கையே மாற்ற வல்ல ரசாயனங்கள் ஏறவில்லை.

அணுவளவு என்று நான் சொல்வது அலங்காரத்திற்காக அன்று. சரீரத்தின் காரியங்களை நடத்துவது நரம்பே என்று வைத்திய உலகம் நம்பியிருந்த காலத்தில், 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு விஞ்ஞானிகள், நரம்புகளை அறுத்துவிட்ட பின்பும் குடலின் சுவரிலிருந்து புறப்பட்டு இரத்தத்தின் வழியே சென்று கணையத்தைச் சுரக்கச் செய்யும் ஒரு பொருள் உண்டென்று நிரூபித்தார்கள். ஹார்மோன் சாஸ்திரம் அங்கே பிறந்தது. பெண்ணின் மாதச் சுழற்சியையும் எலும்பின் உறுதியையும் ஆளுகின்ற எஸ்ட்ரடையால் என்னும் ஹார்மோன், ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கி அவற்றில் சில பத்துப் பங்கு முதல் சில நூறு பங்கு வரை என்பதே விடை. இத்தனை சொற்பத்தால் இயங்கும் ராஜ்யத்தில் வெளியிலிருந்து வரும் ஒரு பொருள் பொய்க் கையெழுத்திட்ட ஓலையாக நுழையுமானால், அதன் அளவு குறைவு என்று ஆறுதல் சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. காலமும் இங்கே முக்கியம். கர்ப்பம் கலையாதிருக்க வேண்டுமென்று அமெரிக்கத் தாய்மார்களுக்கு 1940-களிலிருந்து கொடுக்கப்பட்ட டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோன், வயிற்றிலிருந்த பெண்சிசு வளர்ந்து பருவமடைந்த பிறகு அவளிடம் அபூர்வமான புற்றுநோயாக வெளிப்பட்டதை 1971-இல்தான் பாஸ்டன் நகர வைத்தியர்கள் கண்டுபிடித்தார்கள்.

அதே பாஸ்டனில், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில், அனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் மார்பகப் புற்று உயிரணுக்களை வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. எஸ்ட்ரடையாலின் இனமான எஸ்ட்ரோஜன் சேர்த்தாலன்றிப் பெருகாத அந்த உயிரணுக்கள், ஒன்றும் சேர்க்காமலே பெருகத் தொடங்கின. காரணத்தைத் தேடித்தேடிக் கடைசியில் அவர்கள் கண்டது, உபயோகித்த குழாயின் பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த நோனைல்ஃபீனால் என்ற பொருள். 1991-இல் இது அச்சேறியது.

இதற்கும் திருப்பூர்ப் பனியனுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு. பருத்தி நூலில் இயற்கையாகவே மெழுகும் எண்ணெய்ப் பசையும் இருப்பதால், அவற்றைப் போக்கி நனைத்தாலன்றிச் சாயம் உள்ளே இறங்காது. பட்டறைகளில் வெட்டிங் ஆயில் என்று வழங்கும் நனைக்கும் பொருள்களுக்கும், துவைக்கும் சோப்புத் திரவங்களுக்கும் உலகெங்கும் நெடுங்காலம் ஆதாரமாக இருந்தவற்றுள் நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் ஒன்று. மலிவானது, நன்றாக வேலை செய்வது; கழிவுநீரில் கிருமிகள் அதைச் சிதைக்கும்போது நோனைல்ஃபீனாலாக மிஞ்சுவது. எஸ்ட்ரடையாலோடு ஒப்பிட்டால் இது ஆயிரக்கணக்கான மடங்கு வலிமை குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆயினும் இங்கிலாந்தில், ஆட்டு ரோமம் அலசும் ஆலைகளின் கழிவு கலந்த யார்க்ஷயரின் ஏர் ஆற்றில், ஆண் மீன்களின் இரத்தத்தில் பெண் மீனின் முட்டைக்கருவுக்குரிய புரதம் காணப்பட்டது. திருப்பூரைப் போன்றே துணியை நம்பி வாழ்ந்த நாடு யார்க்ஷயர் என்பதால், இதை நாம் அந்நியச் செய்தியாகத் தள்ளிவிட முடியாது.

ஐரோப்பியர் விழித்துக்கொண்டார்கள். 2005-இலிருந்து தங்கள் ஆலைகளில், கழிவுநீரில் கலக்கும்படியாக இதைத் துணிக்கு உபயோகிப்பதைத் தடுத்தார்கள். பிறகு, தடுத்தும் ஆற்றில் குறையாததைக் கண்டு ஆராய்ந்தபோது, வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான துணிகளை வீட்டில் முதல் சில முறை துவைக்கும்போதே அது சாக்கடைக்குப் போவது புலனாயிற்று. ஆகவே 2021 பிப்ரவரி 3 முதல், துவைக்கக்கூடிய துணியில் எடையில் 0.01 சதவீதத்திற்குக் குறைவாகவே இருக்கலாம் என்று விதித்தார்கள். உடுத்துகிறவரின் தோலைக் காப்பதைவிட, துவைத்த நீர் சேரும் தங்கள் ஆறுகளைக் காப்பதே இந்த விதியின் நோக்கம் என்பதை நம்மவர் அதிகம் கவனித்ததில்லை. அவர்கள் ஆற்றைக் காக்கும் இந்த விதி நம்முடைய பட்டறைகளையும் ஓரளவு திருத்தியிருக்கிறது. அதற்கு நன்றி சொல்லலாம். எனினும் அது கப்பலேறும் துணிக்கான அளவுகோல். திருப்பூர்க் காதர்பேட்டையில் குவித்து விற்கப்படும் துணிக்கு அல்ல.

நீர் வெளியேறாத முறை வந்த பிறகு இந்தக் கவலை எதற்கு என்பாரும் உண்டு. நீர் வெளியேறுவதில்லை, சரி, சேறு சேர்கிறது. நோனைல்ஃபீனால் நீரில் கரைவதைவிடச் சேற்றில் ஒட்டிக்கொள்வதையே விரும்பும் பொருள். பிராணவாயு எட்டாத அடிச்சேற்றில் அது பல ஆண்டுகள் சிதையாமல் கிடக்க வல்லது. சுத்திகரிப்பு நிலையங்களின் சேறு கொட்டகைகளில் குவிந்து, ஒரு பகுதி சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. ஒரத்துப்பாளையத்தில் ஆண்டுக்கணக்காகப் படிந்த சேறோ அங்கேயே கிடந்த காலம் நெடியது. அதற்காகக் கொங்கு நாட்டுச் சாலைகளில் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளைப் பார்த்துவிட்டு, எல்லாம் சாயத் தண்ணீரின் வேலை என்று தீர்ப்புச் சொல்வோருடன் நான் சேரமாட்டேன். சாயப்பட்டறையே இல்லாத ஊர்களிலும் அந்தப் பலகைகள் இருக்கின்றன. பிரமாணமின்றிப் பயமுறுத்துவது, பிரமாணத்தைத் தேடாதிருப்பதைப் போலவே பொறுப்பற்ற செயல்.

ஆற்றிலிருந்து ஆலைக்குள் வருவோம். 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள், தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் விசாரித்து ஒரு செய்தி வெளியிட்டார்கள். மாதவிலக்கு வலியென்று சொன்னால், பெயரோ அட்டையோ இல்லாத மாத்திரையை வேலையிடத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள் என்பது அந்தப் பெண்கள் அனைவரின் வாக்குமூலம். சோதித்துப் பார்த்ததில் அவை ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் என்று தெரிந்தது. வலியின் மூலம் ஹார்மோன்தான்: மாதச் சுழற்சியின் கடைசியில் புரோஜெஸ்டிரான் தாழ்ந்ததும் கருப்பையின் உட்சுவரில் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள் பெருகி, கருப்பையை இறுக்கிச் சுருக்குகிறது. அந்தப் பொருள் உண்டாவதைத் தடுத்தே இம்மாத்திரைகள் வலியைப் போக்குகின்றன என்று விளக்கிய ஜான் வேனுக்கு 1982-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆனால் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்திற்கு இரத்த ஓட்டத்தைச் சீராக்குவதும் அதே புரோஸ்டகிளாண்டின் இனமே. காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டு ஷிப்டுக்கு ஓடிவந்து, டார்கெட் முடியும்வரை தண்ணீரும் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு மாதந்தோறும் அதைக் கொடுத்துவந்தால் வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் வழி திறந்துவிடுகிறோம். நல்ல மருந்துதான்; சாப்பிட்ட பின்பு, அளவறிந்து, வைத்தியரைக் கேட்டு எடுத்தால். பெயர் தெரியாத மாத்திரையைப் பற்றி வைத்தியரிடம் என்னவென்று சொல்வாள்? ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறை இருக்க வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. அந்த அறையின் வேலையைச் சூப்பர்வைசரின் மேஜை இழுப்பறை செய்வதை ஒரு நாகரிக சமூகம் சகிக்கலாகாது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஆலையில் கொடுக்கப்படும் எந்த மாத்திரையும் அட்டையோடு, பெயரோடு, கொடுத்தவரின் கையெழுத்துப் பதிவோடு கொடுக்கப்படட்டும். திருப்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களில் மாதவிலக்குக் கோளாறென்றும் குழந்தையின்மையென்றும் வருவோரிடம், அவர் எந்தப் பிரிவில் எத்தனை வருஷம் வேலை செய்தார் என்ற ஒரு கேள்வியும் சீட்டில் ஏறட்டும். ஒரத்துப்பாளையத்துச் சேற்றிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் சேற்றிலும் நோனைல்ஃபீனாலைச் சோதிக்கட்டும். இந்தச் சோதனை இங்கே புதிதன்று: அந்நியக் கம்பெனிகள் 2011-இல் கூடி ஆரம்பித்த இசட்.டி.ஹெச்.சி. என்ற திட்டத்தின் விதிப்படி, அவற்றுக்குத் துணி கொடுக்கும் பட்டறைகள் தங்கள் கழிவுநீரில் இதே பொருளைச் சோதித்து அறிக்கை அனுப்புகின்றன. அந்த அறிக்கைகளின் பிரதிகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டு வாங்கி, நொய்யல் கரையில் இருப்பவர்கள் படித்தறியும்படி தமிழில் வெளியிடட்டும்.