கருவிக்கு உடையவர் யார்?

நிலம் வாங்கியவன் அதில் நெல்லும் விதைக்கலாம், வாழையும் வைக்கலாம். விற்றவன் மீண்டும் வந்து, ‘இந்நிலத்தில் கரும்பு மட்டுமே நடுதல் வேண்டும்’ என்று ஆணையிட்டால், கேட்டவர் நகைப்பர். வீடும் ஏரும் வண்டியும் இவ்வழக்கிற்கு உட்பட்டனவே. ஆனால், இக்காலத்துக் கணிப்பொறிக் கருவிகள் பலவற்றில் இவ்வழக்கு தலைகீழாகிவிட்டது. விலை கொடுத்தவர் கையில் கருவி இருக்கிறது. அதனுள் எது இயங்கலாம், எது இயங்கலாகாது என்று முடிவு செய்யும் உரிமையோ, அதனைச் செய்தவரிடமே தங்கிவிடுகிறது. இந்நிலை முறையாகுமா? இவ்வினாவிற்கு விடை காணப் பண்டோரா என்னும் சிறு விளையாட்டுக் கருவியின் வரலாறு பெரிதும் துணை செய்யும்.

2005ஆம் ஆண்டில் கொரிய நாட்டில் ஜிபி2எக்ஸ் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று வெளிவந்தது. லினக்ஸ் என்னும் திறந்த நிரலால் இயங்கியமையால், கற்றவர் பலர் அதற்கெனத் தாமே விளையாட்டுகளை எழுதினர். அதனைப் பயன்படுத்தியவரும் விற்றவருமான சிலர், அதனினும் சிறந்த கருவியைத் தாமே வடிவமைக்கத் துணிந்தனர். அவர்தம் முயற்சியில் பிறந்ததே பண்டோரா. 2008ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களின் இறுதி நாளில் அதற்கு முன்பணம் பெறத் தொடங்கினர். கருவி வாங்குவோர் கைக்கு வரத் தொடங்கியதோ 2010ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். ஒன்றரை ஆண்டுக்கு மேல் மக்கள் காத்திருந்தனர்.

மூடித் திறக்கும் சிறு பேழை போன்றது பண்டோரா. 4.3 அங்குலத் தொடுதிரை, எழுத்துகள் பொறித்த விசைப்பலகை, விளையாட்டு விசைகள், கட்டைவிரலால் அசைக்கும் இரு குமிழ்கள், நினைவட்டைகள் செருக இரு வாயில்கள் ஆகியன அதன் உறுப்புகள். முதலில் வந்த கருவிகளில் 600 மெகாஹெர்ட்ஸ் விரைவுடைய சில்லும், 256 மெகாபைட் நினைவகமும் அமைந்திருந்தன. லினக்ஸைக் கருவாகக் கொண்ட இயங்குதளமே அதனை இயக்கியது. ஒரு கருவியின் உறுப்புகளை எல்லாம் ஒருங்கே ஆண்டு, பிற நிரல்கள் இயங்க இடந்தருவது எதுவோ, அதனையே இயங்குதளம் என்பர்.

இதே காலத்தில் கைபேசிகளுக்கென ஆண்ட்ராய்டு என்னும் இயங்குதளம் தோன்றியது. 2007ஆம் ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்ட அது, மறு ஆண்டு அக்டோபரில் கைபேசியாகவும், யாவரும் படித்துத் திருத்தத்தக்க மூலநிரலாகவும் வெளிவந்தது. அதன் கருவும் லினக்ஸே. ‘கருவும் ஒன்று, நிரலும் திறந்தது, ஆதலின், கைபேசியின் தளம் ஏன் விளையாட்டுக் கருவியில் இயங்கலாகாது?’ என்று ஆர்வலர் சிலர் எண்ணினர்; எண்ணியதோடு அமையாது, அதனைப் பண்டோராவில் இயக்கியும் காட்டினர்.

இப்பணி நாற்றைப் பிடுங்கி வேறொரு வயலில் நடுவது போன்றது. மண் மாறினால் நாற்று எளிதில் வேர் பிடிக்காது. திரை, ஒலி, கம்பியில்லா இணைப்பு, மின்கலம் என ஒவ்வோர் உறுப்பையும் புதிய தளத்திற்கு அறிமுகம் செய்தல் வேண்டும். அவ்வறிமுகத்தைச் செய்யும் சிறு நிரலுக்கு இயக்கி என்று பெயர். விசை ஒவ்வொன்றும் அழுத்தப்படும்போது ஓர் எண்ணை அனுப்பும். இன்ன எண் ‘முகப்பு’, இன்ன எண் ‘பின்செல்’ என்று ஆண்ட்ராய்டுக்குப் பட்டியல் எழுதித் தருதல் வேண்டும். பண்டோராவின் தொடுதிரை அழுத்தத்தை உணர்வது. ஒரு நேரத்தில் ஓர் இடத்தைத்தான் அறியும். ஆகவே, இருவிரலால் படத்தை விரிக்கும் வழக்கம் அதில் செல்லாது. கைபேசி கண்டறியாத குமிழ்களை, அது அறிந்த ஏதேனும் ஒன்றாக மாற்றிக் காட்டுதல் வேண்டும். இவை அனைத்தும் பொறுமையும் நுண்ணறிவும் வேண்டும் பணிகள்.

இவற்றைச் செய்தவர் தனித்து உழைக்கவில்லை. பீகிள்போர்டு என்னும் கல்விக்கேற்ற சிறு கணிப்பலகையிலும் பண்டோராவில் உள்ள சில்லே இருந்தது. ஆதலின், ஒன்றிற்குச் செய்த வேலை மற்றொன்றிற்கும் உதவியது. ஊர் கூடித் தேர் இழுக்கும் முறை இதுவே.

ஆயினும், திறந்த வீட்டிலும் பூட்டிய அறை ஒன்று இருந்தது. படங்களை விரைந்து தீட்டும் வரைவியல் பகுதியின் இயக்கிக்கு மூலநிரல் வெளியிடப்படவில்லை. இயந்திரம் மட்டும் அறியும் வடிவிலேயே அது கிடைத்தது. வழக்கமான லினக்ஸ் சார்ந்துள்ள அடிப்படை நிரல்தொகுதி வேறு. ஆண்ட்ராய்டு சார்ந்துள்ள தொகுதி வேறு. ஒன்றிற்கெனக் கட்டப்பட்ட இயக்கி மற்றொன்றில் அப்படியே பொருந்தாது. மூலநிரல் கையில் இருந்தால், திறமுடைய ஒருவர் அதனைத் திருத்தி அமைப்பார். அஃது இல்லாதபோது, உரிமையுடையார் மனமுவந்து வேறாகக் கட்டித் தரும்வரை காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. ஒன்பது கதவுகளைத் திறந்து பத்தாவது கதவைப் பூட்டினால், அந்த வீட்டுக்கு உடையவர் திறவுகோல் வைத்திருப்பவரே அன்றோ?

‘கைபேசித் தளத்தை விளையாட்டுக் கருவியில் ஏற்றுவதால் பயன் என்ன? பேசுதற்குரிய உறுப்பே அதில் இல்லையே! வேண்டுமாயின் ஒரு கைபேசியை வாங்கிக்கொள்ளலாமே!’ என்பார் உளர். ‘உடையவர் விருப்பம்போல் மாற்றினால் கருவி கெடாதா?’ என்று வினவுவாரும் உளர். இவ்விரண்டையும் புறந்தள்ளுதல் ஆகாது.

முதல் வினாவிற்கு விடை இது: பயன் என்பது வாங்கிய அன்று முடிவதன்று. செய்த நிறுவனம் ஒரு கருவியைக் கைவிட்ட பின்னும், புதிய தளத்தை அதில் ஏற்ற இயலுமாயின், அது குப்பைக்குச் செல்லாமல் மேலும் பல ஆண்டுகள் உழைக்கும். அன்றியும், இயங்கும் கருவியைப் பிரித்து மாற்றிக் கற்றவர் பெறும் அறிவு, ஏட்டுச் சுரைக்காய் போன்றதன்று; கைக்கும் கறிக்கும் உதவுவது. இரண்டாம் வினாவிற்குப் பண்டோராவே விடை தருகிறது. மேல் விளிம்பிலுள்ள தோள்விசை ஒன்றை அழுத்தியவாறு கருவியைத் தொடங்கினால், எதிலிருந்து இயங்குவது என்று அது கேட்கும். புதிய தளத்தை நினைவட்டையில் வைத்து இயக்கிப் பார்க்கலாம்; அட்டையை எடுத்துவிட்டால் பழைய தளம் பழுதின்றி நிற்கும். மாற்றத்திற்கு வழியும், மீள்வதற்கு வழியும் ஒருங்கே அமைத்தல் அறிவுடைய செயல். மருத்துவப் பொறி போன்று பிறர் உயிருக்குத் தீங்கு நேரக்கூடியவற்றில் வரம்பு வேண்டும் என்பது உண்மையே. ஆனால், அச்சத்தைக் காரணமாக்கி எல்லாக் கருவிகளையும் பூட்டுதல், விபத்துக்கு அஞ்சி நடப்பதையே விலக்குவது போலாகும்.

திறந்துவிட்டால் மட்டும் போதுமா எனின், போதாது. ஆண்ட்ராய்டுக்கென எழுதப்பட்ட சில பகுதிகள் 2009ஆம் ஆண்டில் லினக்ஸின் பொதுக்கருவில் ஆய்வு நிலையில் சேர்க்கப்பட்டன. பேணித் திருத்துவார் இன்மையால் மறு ஆண்டே அவை நீக்கப்பட்டன. பின்னர் இரு சாராரும் கூடி முயன்றதன் பயனாக, 2012ஆம் ஆண்டில் அவை மீண்டும் இடம்பெற்றன. பிரிந்து நின்ற காலத்தில், தளத்தைப் பெயர்த்து அமைத்தவர் ஒவ்வொருவரும் அப்பகுதிகளைத் தனியே ஒட்டவைக்க வேண்டியிருந்தது. பொதுக்குளத்தில் நீர் முகப்பவர் தூர் வாரவும் வருதல் வேண்டும். இல்லையேல் குளமும் வற்றும், முகப்பவரும் வருந்துவர்.

ஆதலின், கருவி செய்வோர் தம் கருவிகளைக் குறை வைக்காமல் திறத்தல் வேண்டும். பயன்பெறுவோர் தாம் திருத்தியதைப் பிறர்க்கும் வழங்குதல் வேண்டும். நாளை கருவி வாங்கவும் கருவி படைக்கவும் போகும் இளைஞர், விலையையும் அழகையும் மட்டும் பார்த்து அமைதல் கூடாது. ‘இதனைத் திருத்த எனக்கு உரிமை உண்டா?’ என்றும் கேட்கக் கற்றல் வேண்டும். அவ்வினாவிற்கு ‘உண்டு’ என்னும் விடை வருமாயின், வாங்கியவரே உடையவர். ‘இல்லை’ என்னும் விடை வருமாயின், அவர் விலை கொடுத்த குடிக்கூலிக்காரரே ஆவர்.