ஸ்க்ரூ எங்கே சார்?

உங்கள் செல்ஃபோனைக் கையில் எடுங்கள். கவரைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். ஸ்க்ரூ எங்காவது தெரிகிறதா? நகத்தால் நெம்பித் திறக்க ஒரு சின்ன இடுக்காவது உண்டா? இருக்காது. ஐஃபோன் என்றால் சார்ஜர் செருகும் துளைக்கு இரண்டு பக்கமும் கடுகு சைஸில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். அதன் தலை ஐந்து இதழ்ப் பூ மாதிரி. உங்கள் வீட்டு ஸ்க்ரூ டிரைவர் எதுவும் அதில் உட்காராது. உட்காரக் கூடாது என்பதற்குத்தான் அந்தப் பூ.

ஆக, இருபதாயிரமோ எண்பதாயிரமோ கொடுத்து நீங்கள் வாங்கிய பொருளுக்குள் போக உங்களுக்கே வழி கிடையாது. வீட்டை விற்றுவிட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் பில்டரை நாம் சும்மா விடுவோமா? செல்ஃபோன் கம்பெனி அதையே செய்தால் விடியற்காலையிலேயே கடை வாசலில் வரிசையில் நிற்கிறோம்.

நான் செல்ஃபோனே வேண்டாம் என்று உபதேசம் செய்கிற ஆள் இல்லை. எனக்கு டிசைன் பைத்தியம் உண்டு. ஒரு பொத்தான் விரலுக்கு எவ்வளவு வாகாக இருக்கிறது, விளிம்பு எப்படி வளைந்து இறங்குகிறது என்று கடையில் நின்று பத்து நிமிடம் தடவிப் பார்ப்பேன். அந்த உரிமையில்தான் சொல்கிறேன். திறக்க முடியாத செல்ஃபோன் அழகான டிசைன் இல்லை. அழகாகப் பூசி மெழுகிய பூட்டு.

சென்ற வருடம் என் ஃபோனின் பேட்டரி ஊதிக்கொண்டு, பின்பக்கக் கண்ணாடி லேசாகத் தூக்கியது. செங்கல்பட்டு பஸ் நிலையம் பக்கம் ஒரு சின்ன ரிப்பேர் கடை. கடைக்காரப் பையன் வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் சொன்ன வாக்கியம் இது: "டிஸ்ப்ளே உடைஞ்சா நான் பொறுப்பில்ல சார். சம்மதமா?" சம்மதித்தேன். சூடு காட்டிப் பசையை இளக்கினான். கிடார் வாசிக்கிற தகடு மாதிரி ஒன்றை மூச்சைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் ஓட்டினான். முக்கால் மணி நேரம். மாற்ற வேண்டிய பேட்டரியை மாற்றிய நேரம் மூணு நிமிஷம்தான், மீதியெல்லாம் பசையோடு நடந்த மல்யுத்தம். எல்லாம் முடிந்து ஃபோனை ஆன் செய்தால் திரையில் ஓர் எச்சரிக்கை: இந்த பேட்டரி அசலா என்று உறுதி செய்ய முடியவில்லையாம்!

"நாங்க திருடங்க மாதிரி சார்" என்று சிரித்தான் பையன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லித்தியம் பேட்டரி தேய்ந்துபோகும் பொருள். சில நூறு முறை சார்ஜ் ஏற்றினால் அதன் கொள்ளளவு குறையும். இது கோளாறு இல்லை, அதன் ஜாதகம். ஃபோனை வரைந்த எஞ்சினியருக்கு இது முதல் நாளே தெரியும். தெரிந்தும் அதைப் பசை போட்டு ஒட்டி மூடினால் அதற்கு என்ன பெயர்?

முன்பு இப்படி இல்லை. நோக்கியா 1100 ஞாபகம் இருக்கிறதா? 2003-ல் வந்தது. தலையில் டார்ச், தூசி புகாத ரப்பர் கீபேட், உலகம் முழுக்க சுமார் 25 கோடி விற்பனை. கட்டைவிரலால் அழுத்தினால் முதுகு கழன்று வரும். 2007 ஆகஸ்டில், அதில் போடும் பிஎல்-5சி பேட்டரிகளில் ஒரு பகுதி சூடேறக்கூடும் என்று நோக்கியாவே அறிவித்தது. மொத்தம் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள். ஜனங்கள் என்ன செய்தார்கள்? மூடியைத் தள்ளி, பேட்டரி மேல் இருந்த எண்ணைப் படித்தார்கள். மாட்டியிருந்தால் இலவசமாகப் புது பேட்டரி. ஃபோன் அவரவர் பையில் பத்திரம்.

2016-க்கு வாருங்கள். சாம்சங் கேலக்ஸி நோட் 7. அதே பேட்டரிப் பிரச்னை, தீயே பிடித்தது. ஆனால் இதில் பேட்டரி தனியாக வராது. அதனால் முதல் கட்டத்திலேயே 25 லட்சம் ஃபோன்களை முழுசாகத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. மாற்றிக் கொடுத்த ஃபோன்களும் எரிய, அந்த அக்டோபரில் மாடலையே மூடினார்கள். விரல் நீள பேட்டரிக்காக கேமரா, திரை, சிப் எல்லாம் சேர்ந்து உடன்கட்டை ஏறின. இது முன்னேற்றமா?

அடுத்த வருடமே இன்னொரு கூத்து. பழைய பேட்டரி உள்ள ஐஃபோன்களின் வேகத்தைச் சாஃப்ட்வேர் மூலம் குறைத்தது உண்மைதான் என்று 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. திடீரென்று அணையாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது. யோசித்துப் பாருங்கள். பேட்டரியை மாற்றினால் பழைய வேகம் திரும்பும் என்று தெரியாமல் எத்தனை பேர் புது ஃபோன் வாங்கியிருப்பார்கள்?

இதற்குக் கம்பெனிகள் சொல்லும் சமாதானம் ஒன்று: "தண்ணீர் புகக்கூடாது, அதனால் ஒட்டுகிறோம்." அப்படியா? 2014-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5-ன் முதுகைக் கையால் கழற்றலாம், பேட்டரியை எடுக்கலாம். தண்ணீரும் தாங்கும்! விளிம்பில் ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான் ரகசியம். மெலிசாக இருக்கவேண்டும் என்பது இரண்டாவது சமாதானம். மெலிசான ஃபோனை வாங்கி, உடையாமல் இருக்க அதற்குத் தடிமனான கவர் போடுகிறோம் நாம்.

டிசைன் ரசிகர்கள் சிலர் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள். இடுக்கே இல்லாமல் ஒரே வார்ப்பாக இருப்பதுதான் அழகின் உச்சமாம். மாமல்லபுரம் பஞ்ச ரதங்களைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரே பாறையில் குடைந்தது, அதைத் திறக்க முடியுமா என்று கேட்டார் ஒரு நண்பர். முடியாதுதான். ஆனால் ஸ்வாமி, தர்மராஜ ரதத்துக்குள் பேட்டரி கிடையாது! பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குடைந்ததில் தேய்ந்துபோகும் பாகம் எதுவும் இல்லை. உள்ளே சாகப்போகிற பொருள் ஒன்றை வைத்தால் அதை எடுக்க ஒரு கதவும் வைக்கவேண்டும். டிசைனில் இதுதான் முதல் பாடம்.

அந்த ரதங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிற்பக் கூடங்களுக்குப் போய்ப் பாருங்கள். உளியின் முனை மழுங்கினால் நெருப்பில் காய்ச்சித் தட்டிக் கூராக்கிக்கொள்கிறார்கள். கல் அறுக்கும் கிரைண்டரில் கார்பன் பிரஷ் தேய்ந்தால் பக்கத்து மூடியைத் திருகி, புதுசு போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். அந்த மெஷினை டிசைன் செய்தவனுக்கு சிற்பியின் மேல் மரியாதை இருக்கிறது.

நம் சமையலறையிலும் இந்த மரியாதை இருந்தது. பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் தேய்ந்தால் பாத்திரத்தை யாரும் தூக்கிப் போடவில்லை. ஈயம் பூசுகிறவர் தெருவுக்கே வந்தார். 1958-ல் இந்திய அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் சார்லஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க டிசைனர் தம்பதி ஓர் அறிக்கை எழுதினார்கள். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-ல் பிறந்ததற்கு விதை அதுதான். இந்தியாவில் அவர்கள் வியந்த பொருள் எது தெரியுமா? சாதாரணச் சொம்பு! இடுப்பில் எப்படி உட்காரும், எப்படி ஊற்றும் என்பதோடு, கடைசியில் அந்த உலோகம் என்ன விலை போகும் என்பது வரை அதன் டிசைனில் சேர்த்தி என்றார்கள். உங்கள் டிராயரில் செத்துக் கிடக்கும் மூன்று ஃபோன்களை இந்தக் கணக்கில் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள்.

இதில் நமக்குக் கூடுதல் கோபம் வர ஒரு காரணம் இருக்கிறது. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், பரனூரில் உள்ள மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2022 செப்டம்பரில் பெகாட்ரான் ஐஃபோன் தொழிற்சாலையைத் திறந்தது. 2025 ஜனவரியில் அதன் 60 சதவிகிதப் பங்கை டாடா எலெக்ட்ரானிக்ஸ் வாங்கியது. தமிழ்நாட்டு ஃபோன் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். உள்ளே எந்தப் பாகம் எங்கே உட்காருகிறது என்று அந்தப் பெண்களின் விரல்களுக்குத் தெரியும். ஆனால் வீட்டில் தன் ஃபோனின் பேட்டரியை மாற்றிக்கொள்ள அவர்களுக்கும் வழி இல்லை!

ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் ஒரு சட்டம். ஸ்மார்ட்ஃபோன் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடம் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்கவேண்டும். பேட்டரியை வாங்கியவரே மாற்ற முடியவேண்டும். முடியாதென்றால் 1000 சார்ஜுக்குப் பிறகும் 80 சதவிகிதம் தாங்கி, தண்ணீரும் புகாமல் இருக்கவேண்டும். சந்து வைத்த சட்டம்தான். ஆனாலும் சட்டம். இங்கே கட்டிய ஃபோன் அங்கே போனால் அதற்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. செங்கல்பட்டில் விற்றால்?

நம் மத்திய அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022-ல் கமிட்டி போட்டார்கள். அந்த டிசம்பரில் 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்கு இணையதளம் திறந்தார்கள். ரிப்பேருக்கு எவ்வளவு வசதியானது என்று ஃபோனுக்கு மார்க் போடும் திட்டத்துக்கு 2024-ல் இன்னொரு கமிட்டி, 2025 மே மாதம் அதன் அறிக்கை. கமிட்டியும் அறிக்கையும் பேட்டரியை மாற்றித் தராது. பிரான்ஸ் இந்த மார்க்கை 2021-லேயே கட்டாயமாக்கி, விலைக்குப் பக்கத்தில் அச்சிட வைத்தது.

நமக்கு வேண்டியது பெரிய புரட்சி இல்லை. டப்பாவின் மேல் விலைக்குப் பக்கத்தில் ரிப்பேர் மார்க். ஏழு வருடத்துக்கு உதிரிபாகம், பஸ் நிலையத்துப் பையனுக்கும் கிடைக்கும்படி. சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திறக்கக்கூடிய முதுகு. இந்த மூன்றும் சட்டத்தில் வரவேண்டும். இங்கே தொழிற்சாலை கட்ட இடமும் சலுகையும் கொடுக்கத் தெரிந்த அரசுகளுக்கு இதைக் கேட்கவும் வாய் இருக்கவேண்டும்.

அதுவரை உங்களால் ஒன்று முடியும். அடுத்த முறை ஷோரூமில் சேல்ஸ்மேன் கேமராவின் மெகாபிக்ஸலை ஒப்பிக்கும்போது, ஃபோனைத் திருப்பிப் பிடித்து நிதானமாகக் கேளுங்கள்: "ஸ்க்ரூ எங்கே சார்?" பதில் வராவிட்டால் ஃபோனை மேஜை மேல் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். உங்கள் பழைய ஃபோனுக்கு ஒரு புது பேட்டரி போட்டால் இன்னும் இரண்டு வருடம் தாராளமாக ஓடும்.