சில நூறு ரூபாய்ச் சாமானுக்காக மெஷினை வீசும் ஊர்



பதிவு கொஞ்சம் நீளம்தான். மாரி தொடங்க முன் வாசித்துவிடுங்கள். வீட்டில் உம்மாமாருக்கும் ராத்தாமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். மெஷினோடு மல்லுக்கட்டுபவர்கள் அவர்கள்தான்.

நமது கரையோர ஊர்களில் வீட்டுக்கு வீடு இருப்பது இரண்டு தொட்டி வாஷிங் மெஷின். ஒரு தொட்டி கழுவும், மற்றது பிழியும். பிழியும் தொட்டியைத்தான் நாம் ட்ரையர் என்கிறோம். சூடாக்கி உலர்த்தும் வெளிநாட்டு ட்ரையர் 2000 வோட்ஸுக்கு மேல் இழுக்கும். 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதம் என்று கரண்ட் பில் ஏறியதைப் பார்த்த எவரும் அதை நினைத்தும் பார்க்கமாட்டார்கள். நமது ட்ரையருக்கு சில நூறு வோட்ஸ் போதும், அதுவும் ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடாது. அந்த ஐந்து நிமிடம்தான் மாரியில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறது.

ஏன் காப்பாற்றுகிறது என்று சொல்கிறோம் என்றால், மாரியில் பாடசாலைக்கு வராத பிள்ளையிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். காய்ச்சல் என்று சிலர் சொல்வார்கள். "சட்டை காயல்ல சேர்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நமது பிள்ளைகளுக்கு இருப்பது ஒன்று அல்லது இரண்டு வெள்ளைச் சட்டை. மழையில் சேறு பட்டால் அன்றிரவே கழுவி, காலையில் போட வேண்டும். பிழியாமல் கொடியில் தொங்கவிட்டால் இரண்டு நாளானாலும் காயாது, வாடையும் அடிக்கும். ட்ரையர் ஓடினால் காற்றாடிக்குக் கீழே இரவோடு இரவாகக் காய்ந்துவிடும். ஆகவே ட்ரையர் நின்றுபோவதைச் சின்ன விடயமாக எண்ண வேண்டாம்.

சரி, ட்ரையர் நின்றுவிட்டது. நாம் என்ன செய்கிறோம்?

பாஸுக்கு கோல் எடுக்கிறோம். "நாளைக்கு வாறேன்" என்பார், நாலு நாள் போகும். வந்தால் பின்பக்கத்தைக் கழற்றாமலே "மோட்டர் போயிட்டு" என்பார் சிலர். அவர் சொல்லும் விலையைக் கேட்டதும் "அதுக்குப் புதுசே எடுக்கலாமே" என்று மனம் மாறும். பழையது இரும்புக்காரனிடம் போகும். புதியது தவணைக்கு வரும். வட்டியென்றால் பத்தடி தள்ளி நிற்பவர்கள்கூட, தவணை பிந்தினால் என்ன தொகை ஏறும் என்று கேட்காமலே அந்தத் தாளில் கையெழுத்து வைக்கிறார்கள். தவணை வியாபாரத்தில் கூடும் வடிவமும் உண்டு, கூடாத வடிவமும் உண்டு. அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் கேட்பது அதற்கு முந்திய கேள்வி: அந்த மெஷினை வாங்க வேண்டிய தேவையே இருந்ததா?

இல்லாமல் இருந்திருக்கலாம். ட்ரையரின் உள்ளே இருப்பது மிகக் குறைவு. ஒரு மோட்டர், ஒரு கெபாசிட்டர், ஒரு டைமர், மூடியில் ஒரு சுவிட்ச், ஒரு பிரேக், தொட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் சீல். கணினியும் இல்லை, போர்டும் இல்லை. பின்பக்க மூடியில் சில ஸ்க்ரூவைக் கழற்றினால் பெரும்பாலானவை கண்ணுக்கு முன்னால் இருக்கும். மோட்டர் உண்மையிலேயே எரிவதும் உண்டு. ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை ஐந்தாறு இருக்கின்றன, அவை எல்லாமே மோட்டரைவிட மலிவு.

நாமே பார்க்கும் ஒழுங்கைச் சொல்கிறோம்.

முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை ஓஃப் பண்ணினால் போதாது. தரை ஈரமாக இருக்கக்கூடாது, காலில் செருப்பு இருக்க வேண்டும். பிறகு மூடியை மூடிய நிலையில், பின்பக்கத்தால் மோட்டருக்கு மேலே உள்ள பிரேக் வட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

இலகுவாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்ட் கொடுத்தால் "ம்ம்ம்" என்று முனகிவிட்டு நிற்கிறது என்றால் பெரும்பாலும் கெபாசிட்டர். இந்த மோட்டருக்குத் தானாகக் கிளம்பத் தெரியாது, கிளப்பிவிடுவது கெபாசிட்டரின் வேலை. அது பலவீனமானால் மோட்டர் முனகிக்கொண்டே சூடாகும். அப்படியே விட்டால்தான் மோட்டர் எரியும். கெபாசிட்டரின் மேலேயே மைக்ரோபரட் அளவும் வோல்ட்டும் எழுதியிருக்கும். அதே அளவு, அதே வோல்ட் உள்ளதை வாங்குங்கள். விலை சில நூறு ரூபாய்தான். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் மின்னேற்றம் நிற்கக்கூடும். கொஞ்ச நேரம் விட்டு, பிடி நன்றாக மூடப்பட்ட ஸ்க்ரூ டிரைவரால் இரு முனைகளையும் ஒன்றாகத் தொட்டு இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வயரைக் கழற்ற முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையால் சுற்றும்போது இறுக்கமாக இருந்தால் இரண்டு சந்தேகம். ஒன்று, பிள்ளையின் காலுறை தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் இடையில் விழுந்து சுற்றியிருக்கும். இது நம்பமுடியாத அளவுக்கு நடக்கும். மற்றது பிரேக். மூடியை மூடும்போது ஒரு கம்பி இழுபட்டு பிரேக்கை விடுவிக்க வேண்டும். அந்தக் கம்பி நாள்போக்கில் நீண்டு தளர்ந்தால் பிரேக் முழுவதும் விடுபடாமல் உரசும். கம்பியை இறுக்கிக் கட்டினால் வேலை முடிந்தது. கம்பி அறுந்திருந்தால் புதியது போட வேண்டும், அதுவும் பெரிய விலையில்லை.

சத்தமே இல்லை என்றால் முதலில் பிளக், அடுத்து மூடியின் சுவிட்ச், அதற்கடுத்து டைமர். மூடியின் சுவிட்சில் துரு ஏறுவது கடற்கரை ஊர்களில் சர்வசாதாரணம்.

ஆடிக் குலுங்கினால் மெஷினைத் திட்ட வேண்டாம். உடுப்பைச் சமமாக அமுக்கி, உள்மூடியை வைத்தோமா, மெஷின் மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள்.

மோட்டரின் மேல் தண்ணீர் சொட்டுகிறதா? அடி சீல் தேய்ந்துவிட்டது. அதை அன்றைக்கே கவனியுங்கள். கரண்டும் தண்ணீரும் சந்திக்கும் இடம் அது.

இவ்வளவுதான். இதில் எதுவும் எஞ்சினியர் வேலை இல்லை.

இனி நமது ஆட்கள் வழமையாகச் சொல்லும் மறுப்புகளுக்கு வருவோம்.

"கரண்ட் அடிக்கும் சேர், விளையாட்டா?" விளையாட்டில்லை. 230 வோல்ட் ஆளைக் கொல்லும். ஆனால் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்சில் உள்ள டெஸ்ட் பொத்தானைக் கடைசியாக எப்போது அமுக்கினீர்கள்? மெஷினின் எர்த் வயர் பிளக்கில் இணைந்திருக்கிறதா, அல்லது யாரோ வெட்டிவிட்டு இரண்டு வயரைச் சொருகியிருக்கிறார்களா? ஈரக் கையோடு தொடும்போது "லேசா சுள்ளென்டுது" என்று சொல்லிக்கொண்டே மாதக்கணக்கில் பாவிக்கும் வீடுகள் நம்மிடம் இல்லையா? பிளக்கைக் கழற்றிவிட்டு உள்ளே பார்க்கப் பயப்படுகிறோம், சுள்ளென்று அடிக்கும் மெஷினில் தினமும் கை வைக்கப் பயப்படுவதில்லை. அறியாமல் பாவிப்பதுதான் பெரிய ஆபத்து.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். மோட்டர் சுற்றுவது, வீட்டு வயரிங், எரிந்த வாடை, உடம்பில் கரண்ட் படுவது என்றால் மெஷினை ஒதுக்கிவிட்டு தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். எல்லையை அறிவதும் இந்தக் கல்வியின் ஒரு பகுதி.

"பாஸ்மாரின் வயிற்றில் அடிக்கப் பார்க்கிறீர்களா?" இல்லை. நல்ல பாஸுக்கு நமது ஊரில் வேலை குறையாது. நாம் அடிக்கச் சொல்வது கெட்ட வேலையை. மூடியின் சுவிட்ச் பழுதென்றால் அதை மாற்றாமல் வயரை டிரெக்ட் பண்ணிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிரேக் உரசினால் பிரேக்கையே கழற்றி வீசிவிட்டு "சரி, ஓடுது" என்பவர்கள் இருக்கிறார்கள். ஓடும்தான். மூடியைத் திறந்தாலும் ஓடும். அந்தத் தொட்டி நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் சுற்றும் வேகத்தில் இருக்கும்போது நாலு வயசுப் பிள்ளை கையை விட்டால் என்ன ஆகும்? சுற்றும் துணி கையைச் சேர்த்து இழுக்கும். சுவிட்சும் பிரேக்கும் அந்தக் கைக்காக வைக்கப்பட்டவை. உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிந்தால்தான், இப்படிச் செய்துவிட்டுப் போகும் ஆளை வாசலில் நிறுத்திக் கேட்க முடியும். தெரியாத வாடிக்கையாளர்தான் கெட்ட பாஸை வளர்க்கிறார்.

இன்றைக்கே உங்கள் மெஷினைச் சோதித்துப் பாருங்கள். ட்ரையர் ஓடும்போது மூடியைத் திறந்தால் சில வினாடிகளில் தொட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அதைச் சரிசெய்யும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

"படிக்கிற பிள்ளைக்கு இது என்னத்துக்கு?" இந்த வார்த்தைதான் எல்லாவற்றிலும் மோசம். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்த பிள்ளைக்கு ஓமின் விதி மனப்பாடம். பிளக் டொப் ஒன்றைக் கழற்றி எர்த் எது என்று காட்டச் சொன்னால் முழிக்கிறது. உயர்தரத்தில் பௌதிகவியல் செய்யும் பிள்ளை கொள்ளளவிக் கணக்கை ஒரு பக்கத்துக்குச் செய்யும். வீட்டில் முனகிக்கொண்டு நிற்கும் மெஷினுக்குள் இருப்பதும் அதே கொள்ளளவிதான் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. தொழினுட்பப் பிரிவு 2013 இலிருந்து உயர்தரத்தில் இருக்கிறது. அதற்குப் போகும் பிள்ளையை நமது சமூகம் எப்படிப் பார்க்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். கையில் கிரீஸ் படுவதை இழிவாகப் பார்க்கும் பார்வை நமக்கு எங்கிருந்து வந்தது? மார்க்கத்திலிருந்து வரவில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தமது செருப்பைத் தாமே தைத்தார்கள், உடுப்பையும் தாமே தைத்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அறிவித்திருக்கிறார்கள். இரும்பை வளைத்துக் கவசம் செய்யும் தொழிலை அல்லாஹ் கொடுத்தது தாவூத் (அலை) என்ற நபிக்கு, அவர் அரசராகவும் இருந்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதை ஆண் பிள்ளைக்கு மட்டும் படிப்பிக்க வேண்டாம். மெஷினை அதிகம் பாவிப்பவர்கள் பெண்கள். வாப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் எத்தனை? ஒரு ஸ்க்ரூவைக் கழற்ற அந்நிய ஆணை வீட்டுக்குள் கூப்பிட வேண்டிய நிலையை விட, உம்மாவும் மகளும் சேர்ந்து கழற்றிப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

வீசியது எங்கே போகிறது என்றும் யோசியுங்கள். அஷ்ரப் நகருக்கு அருகே பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று சாகும் செய்தி 2022 இல் உலகம் முழுக்கப் போனது. அங்கே கிடப்பது வேறு யாருடைய குப்பையும் அல்ல, நமது கரையோர ஊர்களின் குப்பை. இரும்புக்காரன் இரும்பையும் செம்பையும் எடுப்பான். உடைந்த பிளாஸ்டிக் தொட்டி எங்கே போகும்? வீண்விரயத்தைப் பற்றி ஜும்ஆவில் எத்தனை பயான் கேட்டிருப்போம். சாப்பாட்டுச் சஹனில் மீதி வைப்பது மட்டும்தான் வீண்விரயமா?

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 இலிருந்து, வாஷிங் மெஷின் விற்கும் கம்பனி அந்த மொடலின் முக்கிய உதிரிப்பாகங்களைப் பத்து வருடம்வரை கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது சட்டம். இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாங்க முன் நாம் கேட்கலாம்: "இதுக்கு சீல், பிரேக் கம்பி, டைமர் உங்கக்கிட்ட இருக்கா?" இல்லை என்றால் அடுத்த கடை. பத்துப் பேர் இப்படித் திரும்பிப் போனால் பதினோராவது ஆளுக்கு சாமான் வந்திருக்கும்.

முடிவாக மூன்று கோரிக்கை.

ஒன்று, பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு. மையித்துக்குச் சந்தூக்கும் கதிரையும் பொதுவாக வைத்திருப்பது போல ஒரு கருவிப் பெட்டியும் வையுங்கள். ஸ்க்ரூ டிரைவர், குறடு, ஸ்பெனர், ஒரு மல்டிமீட்டர் போதும்.

இரண்டு, பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆய்வுகூடத்தைத் திறந்துவிடுங்கள். ஊரிலுள்ள நல்ல பாஸ் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். மக்கள் பழுதைக் கொண்டுவரட்டும், பிள்ளைகள் பக்கத்தில் நின்று பழகட்டும். 2009 இல் அம்ஸ்டர்டாமில் இப்படித் தொடங்கிய ஒரு சின்ன ஏற்பாடுதான் இன்று பல நாடுகளில் நடக்கிறது. பணக்கார நாட்டுக்காரன் உட்கார்ந்து பழுது பார்க்கிறான். கடனில் வாழும் நாம் வீசுகிறோம்.

மூன்று, பெற்றோருக்கு. அடுத்த முறை ட்ரையர் நின்றால் கோல் எடுக்க முன் பிளக்கைக் கழற்றி, பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். சரிசெய்ய முடியாமல் போனாலும் பரவாயில்லை. பழுது எங்கே என்று தெரிந்துகொண்டு பாஸைக் கூப்பிடுவதே பாதி வெற்றி.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். நமது ஊரில் நேர்மையாக வேலை செய்யும் பாஸ்மாரைத் தெரிந்தவர்கள் அவர்களின் சம்மதத்தோடு விபரத்தைப் பகிருங்கள், அவர்களுக்கும் நாலு வேலை கிடைக்கட்டும்.